பழுது நீக்கலும் பழமை காத்தலும்

நுழையும்முன்

புதியதொன்றை உருவாக்க ஆற்றல் வேண்டும். பழையதொன்றை மீட்டெடுக்க ஆற்றலோடு பொறுமையும் நேர்மையும் வேண்டும். அரை நூற்றாண்டுப் பழமையுடைய ஊர்தி ஒன்றை மீண்டும் ஓடச் செய்வதில் எத்தனை படிநிலைகள் உள்ளன, அவற்றுள் கண்ணுக்குத் தெரியாத வேலை எவ்வளவு, அவ்வேலையில் நேரும் சிறு ஏமாற்று யாரைச் சென்றடையும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மணியாச்சியில் தொடங்குவோம்

மதுரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை கோவில்பட்டியைக் கடந்து, கரிசல் காட்டின் நடுவே மணியாச்சியில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தூத்துக்குடிக்கும் மற்றொரு கிளை திருநெல்வேலிக்கும் செல்கின்றன. 1911ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், இச்சந்திப்பில் தொடர்வண்டியின் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்திருந்த மாவட்ட ஆட்சியர் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். அந்நிகழ்வின் நினைவாக இந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி என்னும் பெயர் தாங்கி நிற்கிறது.

நிலையம் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அன்று அங்கு நின்ற வகையைச் சேர்ந்த பெட்டிகளை இன்று அப்பாதையில் காண இயலாது. 1000 மில்லிமீட்டர் அகலமுடைய மீட்டர் பாதை பின்னாளில் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. தண்டவாளத்தின் அகலம் மாறியதும் பழைய பெட்டிகளுக்கும் எஞ்சின்களுக்கும் ஓடுவதற்கு வழியில்லாமல் போயிற்று. அவற்றுள் மிகப்பல உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக எடைக்குச் சென்றன. ஒருசில மட்டுமே நிலைய வாயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் காட்சிப்பொருள்களாக எஞ்சியுள்ளன.

ஒரு காலத்தைப் பற்றி நூல்கள் நமக்கு மிகுதியாகச் சொல்கின்றன. எனினும், அக்காலத்து மக்கள் அமர்ந்த இருக்கையின் உயரம், கையால் பற்றிய கைப்பிடியின் வடிவம், எஞ்சின் எழுப்பிய ஒலி ஆகியவற்றை அப்பொருளே நமக்குச் சொல்ல வேண்டும். பழைய ஊர்தியை உடைத்து விற்றுவிட்டால் அச்சான்று அன்றோடு மறைந்துவிடுகிறது. காத்து வைத்தால் அடுத்த தலைமுறையும் அதனைத் தொட்டுப் பார்க்கலாம். காத்து வைத்தல் என்பது எத்தகைய வேலை என்பதை ஒரு வேனைக் கொண்டு அறிந்துகொள்வோம்.

வீடாகும் வண்டி

பயணத்திலேயே சமைத்து உண்டு உறங்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. பேருந்து எட்டிப் பார்க்காத காலத்தில் கரிசல் காட்டு உழவர் குடும்பங்கள் கூண்டு வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, அரிசி பருப்போடும் அடுப்புக்கான விறகோடும் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கும் கழுகுமலைப் பங்குனி உத்திரத்துக்கும் புறப்பட்டன. மாட்டை அவிழ்த்துக் கட்டிய இடமே வீடாயிற்று. வண்டியின் நிழலே கூடமாயிற்று.

இவ்வழக்கத்தின் எஞ்சின் பூட்டிய வடிவமே 'கேம்பர் வேன்' எனப்படும் வீட்டு வண்டி. டச்சு வணிகர் பென் பான் 1947இல் தம் குறிப்பேட்டில் வரைந்த எளிய கோட்டுப்படத்தை வித்தாகக் கொண்டு, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் பின்புற எஞ்சின் கொண்ட வேனைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் அதனுள் மடக்குக் கட்டில், மேசை, அலமாரி ஆகியவற்றைப் பொருத்தும் பணியை மேற்கொண்டது. அவ்வேனின் ஒரு வகை பிரேசில் நாட்டில் 2013ஆம் ஆண்டின் இறுதிவரை தயாரிக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் கார்களோடு 'ஸ்டாண்டர்டு 20' என்னும் வேனையும் தயாரித்தது. இங்கிலாந்தின் 'ஸ்டாண்டர்டு அட்லஸ்' வேனின் வழிவந்தது அது. 1980களின் இறுதியில் அவ்வாலையின் உற்பத்தி நின்றுபோயிற்று.

ஆலை மூடப்பட்ட நாளிலிருந்து அதன் வண்டிகளுக்கு ஒரு துன்பம் தொடங்குகிறது. உதிரி உறுப்புகள் கடைக்கு வருவதில்லை. உடைந்த ஒவ்வோர் உறுப்பையும் கழிவு இரும்புக் கடையில் தேடியெடுக்க வேண்டும். கிடைக்காவிடில் லேத் பட்டறையில் கடைந்தெடுக்க வேண்டும். ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை ஒரு மாதம் இழுப்பதற்கு இதுவே முதற்காரணம்.

துருவின் இயல்பு

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் வேப்பமரத்தடியில் இருபது ஆண்டுகளாக ஓடாமல் நின்ற பழைய வேன் ஒன்று பட்டறைக்கு வருவதாகக் கொள்வோம். மேலிருந்து பார்த்தால் வண்ணம் மங்கியிருக்கிறதே தவிர, உடல் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். சக்கரத்தின் மேல்வளைவுக்குள் கையை விட்டுத் தடவினால் உண்மை விளங்கும். தகடு அப்பளம்போல் நொறுங்கிக் கையோடு வரும்.

இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேரும்போது துருவாக மாறுகிறது. உப்பு இருப்பின் இவ்வினை விரைவுபெறும். ஆதலால், தூத்துக்குடிக் கடற்கரையில் நிற்கும் வண்டி, கோவில்பட்டியின் வறண்ட காற்றில் நிற்கும் வண்டியைவிட விரைவில் துருப்பிடிக்கும். எனினும் கரிசல் பூமியிலும் ஓர் இடர் உண்டு. கரிசல் மண் ஈரத்தை எளிதில் விடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சக்கரம் வாரியடித்த சேறு, வளைவின் உட்புறத்தில் அப்பிக்கொள்கிறது. வெளியே நிலம் காய்ந்து வெடித்த பின்னரும், மூலையில் தங்கிய சேறு உள்ளுக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வானம் பொய்த்தாலும் அந்த ஒரு பிடி மண் தகட்டை அரித்துக்கொண்டே இருக்கும்.

துருவுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. அது தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அது வண்ணப் பூச்சைக் கொப்புளம்போல மேலே தள்ளுகிறது. வண்ணத்தின் மேல் ஒரு சிறு கொப்புளம் தெரிந்தால், அதன் அடியில் அதைவிடப் பெரிய பரப்பு அரிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வது பட்டறை அறிவு. தேர்ந்த கைவினைஞர் சிறு சுத்தியலால் தகட்டை மெல்லத் தட்டிக் காதால் சோதிப்பார். நல்ல தகடு தெளிவாக ஒலிக்கும். உள்ளே அரித்த தகடும், முன்பு யாரோ 'பட்டி' பூசி மறைத்த இடமும் மந்தமாக ஒலிக்கும்.

அவிழ்த்தலும் குறித்தலும்

மீட்புப் பணியின் முதற்படி அவிழ்த்தல். இது எளிதெனத் தோன்றும். இருபது ஆண்டுகள் அசையாத நட்டும் போல்ட்டும் துருவால் ஒன்றோடொன்று பற்றியிருக்கும். வலிந்து திருகினால் போல்ட்டின் தலை முறிந்துவிடும். முறிந்த போல்ட்டை எடுக்க, அதன் நடுவே துளையிட்டு, மிச்சத்தைத் துருவி எடுத்து, மரையைப் புதிதாக வெட்ட வேண்டியிருக்கும். ஐந்து நிமிட அவசரம் அரைநாள் வேலையாக வளரும். எனவே கைவினைஞர் முதலில் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைப்பார். மறுநாளும் அசையாவிடில் நட்டினைத் தீச்சுடரால் சூடேற்றுவார். வெப்பத்தால் நட்டு விரியும்போது துருவின் பிடி தளரும். சற்றே முன்னும் சற்றே பின்னுமாகத் திருகித் திருகி அதனைக் கழற்றுவார்.

தெரிந்து தெளிவோம்

பழைய வண்டிகள் பலவற்றில் நட்டுகள் அங்குல அளவில் அமைந்தவை. இன்றைய ஸ்பானர்கள் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி எஞ்சும். இறுகிய நட்டின் முனைகளை மழுங்கடிக்க அச்சிறு இடைவெளியே போதும். முனை மழுங்கிய நட்டை எந்த ஸ்பானராலும் பற்ற இயலாது.

அவிழ்த்தலோடு இணைந்தது குறித்தல். கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்தல், ஒவ்வொரு திருகையும் எந்த இடத்துக்கு உரியதெனச் சீட்டு எழுதி டப்பாவில் இடுதல், கழற்றிய வரிசையைக் குறிப்பேட்டில் எழுதுதல் ஆகியன வேலையின் பகுதிகளே. அவிழ்த்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால்தான் மீண்டும் பூட்ட முடியும். அவிழ்ப்பதற்கும் பூட்டுவதற்கும் இடையில் பல மாதங்கள் கடக்கும். நினைவை மட்டும் நம்பியவருக்கு இறுதியில் ஒரு கைப்பிடி அளவு திருகுகள் மிஞ்சும். அவை எங்கிருந்து வந்தவை என்பது தெரியாது. எழுதி வைத்தவருக்கு அக்கவலை இல்லை.

தகட்டு வேலை

துருவை நீக்கும் பணியில் இரண்டு வழிகள் உள்ளன. அரித்த துளையின்மேல் பட்டியை நிரப்பி, தேய்த்து, வண்ணம் அடித்துவிடுவது ஒரு வழி. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பார்வைக்குப் புதியதாகவும் தோன்றும். அடியில் துரு உயிரோடிருக்கும். அடுத்த மழைக்காலத்திலோ அதற்கடுத்த மழைக்காலத்திலோ பட்டி வெடித்து விழும். அதற்குள் வண்டி வேறொருவர் கைக்கு மாறியிருக்கலாம்.

மற்றொரு வழி நெடியது. அரித்த பகுதியை நல்ல தகடு தென்படும்வரை வெட்டி எடுத்தாக வேண்டும். வெட்டிய இடத்தின் அளவுக்கு முதலில் அட்டையில் வடிவம் எடுத்து, அதனைத் தகட்டில் வைத்துக் கோடிட்டு, வெட்டி, அடித்து வளைத்து ஒட்டுத்தகடு செய்ய வேண்டும். ஊர்தியின் வெளித்தகடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உடையது. அதனைத் தொடர்ச்சியாகப் பற்றவைத்தால் வெப்பத்தால் நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி எனத் தள்ளித் தள்ளிப் பற்றவைத்து, ஆறவிட்டு, மீண்டும் இடைவெளிகளை நிரப்புவர். உள்ளங்கை அளவு ஒட்டுத்தகட்டுக்கே பல மணி நேரம் செல்லும். அதன்பின் பற்றவைத்த தடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, துருத்தடுப்புப் பூச்சு இட்டு, நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் அவற்றைத் திறந்துவிட வேண்டும். நீர் வடியும் வழியைத் திறக்காமல் தகட்டை மட்டும் மாற்றினால் நோயின் காரணத்தை விட்டுவிட்டுப் புண்ணுக்கு மட்டும் மருந்திட்டதாகும்.

இவ்வளவு வேலையும் முடிந்த பின்னரும் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அது வண்டியின் அடிப்பகுதி. வண்ணமும் தரைவிரிப்பும் அதனை மூடிவிடும். யாரும் பார்க்க மாட்டார் என்று தெரிந்த இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதே அவரது தொழில் நேர்மைக்கு உரைகல்.

எஞ்சின், பிரேக், மின்கம்பிகள்

நெடுங்காலம் ஓடாத எஞ்சினுள், உருளைச் சுவரோடு பிஸ்டன் வளையங்கள் துருவால் ஒட்டியிருக்கக்கூடும். அவசரப்பட்டு வண்டியைத் தள்ளி எஞ்சினைச் சுழற்ற முயன்றால் வளையம் முறியும். உருளைச் சுவர் கீறல் விழும். எரிபொறிச் செருகிகளைக் கழற்றி, அத்துளை வழியே எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்துக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதே முறை. பெட்ரோல் கலத்தில் பழைய எரிபொருள் பிசினாக உறைந்திருக்கும். அதனைக் கழுவாமல் புதுப் பெட்ரோல் ஊற்றினால் பிசின் கரைந்து சென்று கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும்.

பிரேக் அமைப்பு இவற்றினும் கவனத்துக்குரியது. மிதியைக் காலால் அழுத்தும்போது அவ்வழுத்தம் பிரேக் எண்ணெய் வழியாகச் சக்கரங்களைச் சென்றடைகிறது. இவ்வெண்ணெயின் பெரும்பான்மை வகைகள் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையவை. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் குழாய்களையும் சக்கர உருளைகளையும் உள்ளிருந்தே அரிக்கும். மேலும், மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் மிதிக்கும்போது எண்ணெயில் கலந்துள்ள நீர் சூடேறி ஆவியாகும். ஆவி அழுத்தத்துக்கு ஒடுங்கிக் கொடுக்கும். மிதி ஆழ்ந்து செல்லும், வண்டி நிற்காது. எனவே ரப்பர் உறுப்புகள், இரும்புக் குழாய்கள், எண்ணெய் ஆகிய அனைத்தையும் புதிதாக்குவது மீட்புப் பணியில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி.

மின்கம்பிகளின் உறை காலத்தால் விறைத்து வெடித்திருக்கும். எலிகள் கடித்திருப்பதும் உண்டு. வெறுங்கம்பி தகட்டில் பட்டால் தீப்பொறி எழும். வீட்டு வண்டியிலோ மரப்பலகையும் மெத்தையும் திரைச்சீலையும் நிறைந்திருக்கும். ஆகவே கம்பி ஒவ்வொன்றையும் அதன் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தொடர்ந்து சென்று சோதிக்க வேண்டும். பின்னர்ச் சன்னல் ரப்பர்களை மாற்றி, மேலிருந்து நீர் ஊற்றி, எங்கேனும் கசிகிறதா என உள்ளே அமர்ந்து பார்க்க வேண்டும். கசிவை நிறுத்தாமல் உள்ளே புதுப்பலகை பொருத்தினால் முதல் மழையிலேயே அது ஊறி உப்பிவிடும்.

இவை யாவும் முடிந்த பின்னரே வண்ணம். அதுவும் ஒரே பூச்சில் முடிவதன்று. அடிப்பூச்சு, உப்புத்தாள் கொண்டு தேய்த்தல், மீண்டும் பூச்சு, மீண்டும் தேய்த்தல் எனப் பலமுறை தொடரும். ஊரார் வந்து வியந்து பார்ப்பது இந்த இறுதிக் கட்டத்தைத்தான்.

பெரம்பூரில் உயிர்பெற்ற எஞ்சின்

ஒரு வேனுக்கே இத்தனை உழைப்பு வேண்டுமெனில், ஒரு நூற்றாண்டு அசையாமல் நின்ற நீராவி எஞ்சினுக்கு எவ்வளவு வேண்டும்? அப்பணி தமிழ்நாட்டில் நடைபெற்றது.

தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1855இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உருவாக்கப்பட்டு கிழக்கிந்திய இரயில்வேக்கு வந்தது 'ஈ.ஐ.ஆர். 21' என்னும் நீராவி எஞ்சின். ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்து 1909இல் ஓய்வுபெற்ற அது, ஜமால்பூரிலும் ஹௌராவிலும் நூறாண்டுக்கும் மேலாகக் காட்சிப்பொருளாக நின்றது. சென்னைப் பெரம்பூர் எஞ்சின் பணிமனையின் தொழிலாளர்கள் அதனை மீட்டெடுத்தனர். 2010ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று அது மீண்டும் ஓடியது. அதன் உடன்பிறப்பைப் போன்ற 'ஃபேரி குயின்' எஞ்சினும், உறுப்புகள் பல களவுபோன நிலையில், இதே பணிமனைக்குக் கொண்டுவரப்பட்டுச் சீரமைக்கப்பட்டு 2012ஆம் ஆண்டின் இறுதியில் சோதனை ஓட்டம் கண்டது.

இத்தகைய எஞ்சினுக்கு உதிரி உறுப்புகள் எக்கடையிலும் கிடைப்பதில்லை. தேய்ந்த உறுப்பை அளந்து, தேய்மானத்தைக் கணித்து, அது புதிதாக இருந்தபோது எவ்வளவு இருந்திருக்கும் என்பதை உய்த்துணர்ந்து, வரைபடம் வரைந்து, வார்த்துக் கடைந்தெடுக்க வேண்டும். கொதிகலனைப் பொறுத்தவரை நீராவியை ஏற்றுவதற்கு முன் அதனுள் நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட மிகுதியான அழுத்தத்தில் சோதிப்பது வழக்கம். நீர் எளிதில் அழுந்தாது. ஆதலால் எங்கேனும் விரிசல் இருப்பின் நீர் கசியுமேயன்றிக் கலம் வெடித்துச் சிதறாது. மனித உயிரைக் காக்கவே இச்சோதனை.

நீலகிரி மலை இரயில் மற்றுமொரு சான்று. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம்வரை 46 கிலோமீட்டர் செல்லும் இப்பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இதன் பற்சக்கர நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்தவை. அவற்றைப் பராமரித்த அறிவைக் கொண்டே, திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனை அவ்வகை எஞ்சின்களைப் புதிதாகவே உருவாக்கும் திறனைப் பெற்றது. பழையதைப் பழுது பார்த்துப் பார்த்துப் புதியதைப் படைக்கக் கற்றுக்கொண்ட வரலாறு இது.

எவ்வளவு மாற்றலாம்?

இங்கு ஒரு வினா எழுகிறது. தகட்டை மாற்றினோம், குழாய்களை மாற்றினோம், கம்பிகளை மாற்றினோம். எஞ்சியிருப்பது அந்தப் பழைய வண்டிதானா?

'மிலிந்தபன்ஹா' என்னும் பாலி நூலில், பௌத்தத் துறவி நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி இத்தகைய வினாக்களைத் தொடுக்கிறார். அச்சு தேராகுமா? சக்கரம் தேராகுமா? நுகம் தேராகுமா? தனித்தனியே எதுவும் தேரன்று என மன்னன் ஒப்புகிறான். உறுப்புகள் உரிய முறையில் சேர்ந்திருக்கும் நிலைக்கே தேர் என்னும் பெயர் வழங்குகிறது என்பது அவ்வுரையாடல் காட்டும் தெளிவு.

நம் ஊர்த் தேர்களும் இதற்கு விடை தருகின்றன. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சியில் உள்ள பாரத மிகுமின் நிறுவனம் இரும்பு அச்சுகளும் நீரழுத்த பிரேக்கும் அமைத்துத் தந்துள்ளது. அவற்றைக் கண்டு அது ஆழித்தேர் அன்று என எவரும் சொல்வதில்லை. ஈ.ஐ.ஆர். 21 எஞ்சினிலும் புதிய காற்றழுத்த பிரேக்கும் புதிய முகப்பு விளக்குகளும் பொருத்தப்பட்டன. இவற்றிலிருந்து ஒரு நெறியை நாம் வகுத்துக்கொள்ளலாம். உயிரைக் காக்கும் உறுப்பில் இன்றைய அறிவைத் தயங்காமல் பயன்படுத்தலாம். வடிவத்தையும் தன்மையையும் தாங்கும் உறுப்பில் இயன்றவரை பழையதையே காக்க வேண்டும். மாற்றியது எதுவாயினும் அதனை மறைக்காமல் குறித்து வைக்க வேண்டும். மூன்றாவது கடமையை மறந்தால் முதலிரண்டும் பொருளிழக்கும். மாற்றத்தை மறைத்த மீட்பு, திருத்தப்பட்ட கல்வெட்டைப் போல, பின்வருவோரை வழிதவறச் செய்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

பழம்பெரும் ஊர்திகளைப் பதிவு செய்வதற்கான விதிகளை நடுவண் அரசு 2021ஆம் ஆண்டில் வெளியிட்டது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, சொந்தப் பயன்பாட்டுக்குரிய இரு சக்கர, நான்கு சக்கர ஊர்திகள் இவ்விதிகளின்கீழ் வரும். சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யப்படாமல் அவை மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். பதிவெண்ணில் 'வி ஏ' என்னும் ஆங்கில எழுத்துகள் இடம்பெறும். இவ்வூர்திகளைக் கண்காட்சி, பேரணி, பழுது நீக்கல் போன்றவற்றுக்காகச் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டுதல் கூடாது.

கையின் கல்வி

தொழிற்பட்டறைக்குச் செல்பவன் படிப்பு வராதவன் என்னும் எண்ணம் நம் ஊர்களில் இன்னும் மறையவில்லை. மேலே கண்ட வேலைகளை எண்ணிப் பாருங்கள். துருவை அறிய வேதியியல் வேண்டும். நட்டு சூட்டில் விரிவதை அறியவும், பிரேக் எண்ணெய் ஆவியாவதை அறியவும் இயற்பியல் வேண்டும். வளைந்த தகட்டுக்கு வடிவம் எடுக்க வடிவியல் வேண்டும். அவிழ்த்ததை வரிசையாக எழுதி வைக்க மொழி வேண்டும். மொழிப்பாடத்தில் நாம் பயிலும் தெளிவாக எழுதும் பழக்கம், ஒரு திருகு எந்த இடத்துக்கு உரியது என்பதைச் சொல்லும் சீட்டிலும் பயன்படுகிறது. அச்சீட்டு தெளிவாக இல்லையெனில் வண்டி ஓடாது.

கோவில்பட்டி வட்டாரத்தின் லேத் பட்டறைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் இத்திறன் அன்றாடம் புழங்குகிறது. மழையை நம்பி விதைத்துப் பொறுமையோடு காத்திருக்கும் மானாவாரி உழவரின் பிள்ளைகளுக்கு, ஓரிரவு எண்ணெயில் ஊறும் நட்டுக்காகக் காத்திருப்பது பழகிய பண்பே. கடைந்தெடுக்கும் கையின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படுவதில்லை. முதிய கைவினைஞர் ஒருவர் தொழிலை விட்டு விலகும்போது, தகட்டைத் தட்டிக் காதால் நோயறியும் அவ்வறிவும் அவரோடு போய்விடக்கூடும். பழைய ஊர்தியை மீட்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் அவ்வறிவு அடுத்த கைக்கு மாறுகிறது. ஊர்தியைக் காப்பதைவிடவும் இதுவே பெரிய பயன் எனலாம்.

மீட்கப்பட்ட வேன் பட்டறையை விட்டு வெளியே வரும் நாளில், புதுவண்ணத்தின் பளபளப்பே ஊராரின் கண்ணில் படும். வளைந்த சாலையின் இறக்கத்தில் குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி பாயும்போது, ஓட்டுநர் மிதியை அழுத்துவார். வண்டி நிற்கும். தம்மைக் காத்தது, யாரும் பார்க்காத சக்கரத்தின் உட்புறத்தில், பெயர் தெரியாத ஒருவர் மாற்றிய சிறு ரப்பர் உறுப்பு என்பதை அவர் அறியமாட்டார். அறியப்படாவிடினும் அவ்வேலை சரியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும். பழுது நீக்கும் தொழிலின் அறம் அதுவே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலுள்ள பட்டறை ஒன்றுக்குச் சென்று, அங்குப் புழங்கும் கருவிகளின் பெயர்களையும் தொழிற்சொற்களையும் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதி வருக.

2. வீட்டில் பழுதடைந்த மிதிவண்டி, மின்விசிறி, தையல் எந்திரம் ஆகியவற்றுள் ஒன்றைப் பெரியோர் துணையோடு பழுது நீக்கி, செய்த வேலைகளை வரிசைப்படுத்திக் குறிப்பேடு உருவாக்குக.

3. "பழைய பொருளில் எல்லா உறுப்புகளையும் மாற்றிய பின்னும் அது அதே பொருள்தான்" என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.